எட்டு மணி நேரம் ஒரே பக்கம்

“சிஸ்டர், காலையிலருந்து அவரு அந்தப் பக்கமேதான் கெடக்குறாரு. கொஞ்சம் திருப்பிப் போடுங்க.”

ஐ.சி.யூ. கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு கோவிந்தம்மா இதைச் சொன்னபோது மணி இரண்டாக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அவளுடைய புருஷன் முனிரத்தினம் கதவை ஒட்டிய முதல் படுக்கையில் வலது பக்கமாக ஒருக்களித்துக் கிடந்தார். தொண்டையில் குழாய். குழாயின் மறுமுனையில் மூச்சு மெஷின். என் வெள்ளைச் சேலையில் யாருடைய ரத்தமோ காய்ந்துபோயிருந்தது. காலையில் குடித்த ஒரு டம்ளர் காபிக்குப் பிறகு பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

அன்றைக்கு அவளுக்கு நான் சொன்ன பதிலை எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று முறை தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

இந்தத் தொடரில் இதுவரை நான் ரொம்ப நல்லவளாகவே வந்துகொண்டிருக்கிறேன். உயிரைக் காப்பாற்றினேன், அழுத பிள்ளையைத் தூக்கினேன், டாக்டரையே எதிர்த்துப் பேசினேன் என்று ஒரே பெருமை. குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி என்னை தேவதை என்று எழுதியிருக்கிறார். தேவதையாவது மண்ணாங்கட்டியாவது! அம்மா, இந்த வாரத்தையும் படித்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

மிளகாய் சிஸ்டர்

நான் அப்போது வேலை பார்த்த மருத்துவமனை வேலூருக்கு வெளியே, பாலாற்றுப் பக்கம் இருந்தது. பெயர் வேண்டாம். தப்பு கட்டடத்துடையது அல்ல, என்னுடையது. இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது.

எழுபதுகளின் கடைசி. எண்பது பிறந்துவிட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. ஐ.சி.யூ. என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆறு படுக்கை, இரண்டு மூச்சு மெஷின், ஜன்னலில் தண்ணீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டி. மெஷின்களில் ஒன்று வாரத்துக்கு இரண்டு நாள் மக்கர் பண்ணும்.

எஸ்தர் என்று எனக்கு அழகான பெயர் இருந்தும் எல்லோரும் மொளகா சிஸ்டர் என்றுதான் சொல்வார்கள், என் காதுபடாமல். வாய் அப்படி. கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். எங்கள் அட்டெண்டர் தேவராஜ் அண்ணன் மட்டும் நேராகவே கேட்பார்: “இன்னா சிஸ்டர், இன்னிக்கு காரம் ஜாஸ்தியா, கம்மியா?”

அங்கே எங்கள் வேலையில் பாதி, திருப்பிப் போடுவது. வெளியே இருப்பவர்கள் ஊசி, மருந்து, மெஷின் என்று நினைப்பார்கள். அசையமுடியாமல் கிடக்கிற ஆளை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வலது பக்கம், மல்லாக்க, இடது பக்கம் என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடம்பின் பாரம் விழுகிற இடத்தில் ரத்தம் ஓடாமல் தோல் செத்துப்போகும். நெஞ்சில் சளி ஒரு பக்கமே கட்டிக்கொள்ளும்.

அதற்கு நாலு பேர் வேண்டும். தலைமாட்டில் ஒருவர் குழாயைப் பிடித்துக்கொள்வார். தோளும் இடுப்பும் என் பொறுப்பு. கால் தேவராஜ் அண்ணன் பொறுப்பு. எதிர்ப்பக்கம் ஒரு டிரெய்னிங் பெண். ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரரான தேவராஜ் அண்ணன் தெலுங்கில்தான் எண்ணுவார். “ஒகட்டி, ரெண்டு, மூடு!” மூன்றாவதில் எல்லோரும் ஒரே மூச்சாகத் திருப்புவோம்.

திருப்பினால் முடிந்ததா? முதுகுக்கு ஒரு தலையணை. இரண்டு முழங்காலும் உரசாமல் நடுவில் ஒன்று. குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று. அடியில் போன காது மடங்கியிருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்க வேண்டும். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால்கூட அது உடம்பில் கோடு போட்டுவிடும்.

பிறகு முதுகில் ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போடுவோம். அப்படித் தேய்க்கக் கூடாது என்று பிற்காலத்தில் சொல்லிவிட்டார்கள். புண் வந்தால் முட்டை வெள்ளைக்கரு தடவிய காலமும் உண்டு, சர்க்கரை வைத்துக் கட்டிய காலமும் உண்டு. நாங்கள் செய்ததில் பாதி தப்பு என்று இப்போது தெரிகிறது. தெரியாமல் செய்த அந்தத் தப்புகளுக்காக நான் வருத்தப்படுவதில்லை.

பதினெட்டு நிமிஷம்

டிரெய்னிங் படித்த காலத்தில் ஹாஸ்டலில் மூன்று பேர் ஒரு பந்தயம் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அசையாமல் ஒரு பக்கமாக யார் ஒரு மணி நேரம் படுத்திருக்கிறார்களோ, அவளுக்கு மற்ற இருவரும் ஒரு வாரம் துணி துவைத்துத் தர வேண்டும்.

பூ, இது ஒரு பந்தயமா என்று படுத்தேன். ஐந்து நிமிஷத்தில் மூக்கு அரித்தது. பத்து நிமிஷத்தில் தோள் மரத்துப்போனது. அப்புறம் இடுப்பு எலும்பு இருக்கிற இடத்தில் ஒரு எரிச்சல் ஆரம்பித்தது பாருங்கள். யாரோ இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்துவதுபோல. பதினெட்டாவது நிமிஷம் “அய்யோ, ஆளை விடுங்கடி!” என்று எழுந்துவிட்டேன். இரண்டு பேருடைய துணியையும் ஒரு வாரம் துவைத்தேன்.

ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. ஒரே பக்கம் கிடந்தால் எப்படி இருக்கும் என்று என் இடுப்புக்கே தெரியும்.

ஆம்பூரிலிருந்து வந்தவர்

முனிரத்தினத்தை ஆம்பூரிலிருந்து டாக்சியில் கொண்டுவந்தார்கள். அங்கே ஒரு டேனரியில் வேலை. தோல் ஷாப்பு என்பார்கள் அவர்கள். தோல்களைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, வெளியே இழுத்து, மறுபடி உள்ளே விடுகிற வேலை. முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல கட்டுமஸ்தான உடம்பு. தினமும் துடைத்துவிட்டும் அவர் பாதத்திலிருந்து சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் கலந்த வாசனை ஒரு மாதம் போகவில்லை.

வயிற்றுப்போக்கு வந்து சரியாகிப் பத்து நாள் கழித்துக் கால் மரத்திருக்கிறது. மறுநாள் நிற்க முடியவில்லை. அதற்கடுத்த நாள் கை. எங்களிடம் வந்தபோது நெஞ்சுக்கு ஏறி, மூச்சு விடவே திணறினார். நரம்பைப் பிடிக்கிற நோய். மெஷினில் போட்டோம். சில நாளில் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள்.

டாக்டர் அவர் மனைவியிடம் சொன்னார். “இது தானா வந்தது, தானா இறங்கும். மாசக் கணக்கா ஆகும். அதுவரைக்கும் உடம்பைக் கெடாம பாத்துக்கணும். அவருக்கு நெனைவு முழுசா இருக்கு. நாம பேசுறதெல்லாம் கேக்கும். வலி தெரியும். அசையத்தான் முடியாது.”

நாங்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். கண் இமை மட்டும் வேலை செய்தது. ஒரு முறை மூடினால் ஆமாம், இரண்டு முறை மூடினால் இல்லை என்று அவருக்கு டாக்டர் சொல்லிக்கொடுத்தார். முதல் இரண்டு நாள் எல்லோரும் ஆசையாகக் கேட்டோம். வலிக்குதா, குளிருதா, தலையணை சரியா இருக்கா. அப்புறம் கேட்பது குறைந்தது. அசையாத ஒரு உடம்புக்குள்ளே ஒரு ஆள் விழித்திருக்கிறான் என்பது, வேலை மும்முரத்தில் மறந்தே போய்விடுகிறது.

கோவிந்தம்மா மறக்கவில்லை. மகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்து ஐ.சி.யூ. கதவுக்கு வெளியே உட்கார்ந்தவள், எழுந்திருக்கவே இல்லை. கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. நாள் முழுக்க அதில் அவள் நெற்றி ஒட்டியிருக்கும். சாயங்காலம் அந்த எண்ணெய்க் கறையைத் துடைப்பது தேவராஜ் அண்ணனுக்குத் தனி வேலை.

அவளும் அதே ஷாப்பில்தான் வேலை செய்தாள். நாங்கள் திருப்பிப் போடுவதை முதல் முறை பார்த்தபோது அவளுக்கு ஒரே ஆச்சரியம்.

“எங்க தொட்டியில தோலைப் பொரட்டுற மாரியே பொரட்டுறீங்களே சிஸ்டர்!”

“தோலையா?”

“ஆமா. ஒரே வாட்டமா போட்டு வெச்சா மடிப்பு வுழுந்த எடத்துல மருந்து ஏறாது. கறை புடிச்சிக்கும். அப்பால இன்னா பண்ணாலும் போவாது. அதான் பொழுதுக்கு ரெண்டு தபா எடுத்துப் பொரட்டி வுடுவோம். நானும் ஒரு கை புடிக்கட்டா?”

“சொந்தக்காரங்க உள்ள வரக் கூடாது” என்று கதவைச் சாத்தினேன். அது சட்டம்தான். ஆனாலும் கொஞ்சம் மெதுவாகச் சாத்தியிருக்கலாம்.

முன்கூட்டியே எழுதுவது

ஒவ்வொரு படுக்கையின் கால்மாட்டிலும் ஒரு சார்ட் தொங்கும். எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினோம் என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. டியூட்டிக்கு வந்ததும் முதல் வேலையாக, அன்றைய ஷிப்டு முழுவதுக்கும் சார்ட்டை எழுதி வைத்துவிடுவோம். எட்டு மணி வலது, பத்து மணி மல்லாக்க, பன்னிரண்டு இடது, இரண்டு மறுபடி வலது. கையெழுத்து உட்பட. யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. நான் வந்தபோதே இருந்தது. கையுறை போட்ட கையோடு ஒவ்வொரு முறையும் பேனாவைத் தேட முடியாது. கட்டம் காலியாக இருந்தால் இன்சார்ஜ் சிஸ்டர் கத்துவார். எப்படியும் திருப்பத்தானே போகிறோம், முன்னாலேயே எழுதினால் என்ன என்பது எங்கள் நியாயம்.

பொய் எழுதுகிறோம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. எழுதிவிட்டுத் திருப்புவோம். பத்துப் பதினைந்து நிமிஷம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

அந்த நாள்

அன்றைக்குக் காலை ஏழு மணிக்கு வந்தேன். சார்ட்டை எழுதினேன். எட்டு மணிக்கு முனிரத்தினத்தை வலது பக்கம், கதவைப் பார்த்தாற்போல் திருப்பினோம். தேவராஜ் அண்ணன் எண்ணினார், காதைப் பார்த்தேன், தலையணை வைத்தேன். எல்லாம் ஒழுங்கு.

ஒன்பதரை மணிக்குப் பள்ளிகொண்டா தாண்டி லாரியும் வேனும் மோதி, ஐந்து பேரைக் கொண்டுவந்தார்கள். இரண்டு பேர் எங்களிடம். ஒருவருக்கு இதயம் நின்றது. அழுத்தி அழுத்தி ஓட வைத்தோம். மறுபடி நின்றது. தேவராஜ் அண்ணன் ரத்தம் வாங்க ஓடினார். டிரெய்னிங் பெண் மயங்கி விழுந்தாள், அவளை வேறு தூக்கி உட்காரவைத்தோம். பத்து மணி போனது. பன்னிரண்டு போனது. அந்த மனிதர் ஒன்றே காலுக்கு இறந்துபோனார்.

அவருடைய வாயைத் துடைத்துத் துணி போர்த்திவிட்டு நிமிர்ந்தபோதுதான் கோவிந்தம்மா கதவைத் திறந்தாள்.

“காலையிலருந்து அவரு அந்தப் பக்கமேதான் கெடக்குறாரு. கொஞ்சம் திருப்பிப் போடுங்க.”

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த ஆத்திரம். நேராகப் போய்ச் சார்ட்டை எடுத்துவந்து அவள் மூஞ்சிக்கு எதிரே பிடித்தேன்.

“இங்க பாரு. பத்து மணிக்கு மல்லாக்க. பன்னெண்டு மணிக்கு இடது. இப்ப மறுபடி வலது. எல்லாம் எழுதிருக்கு. நீ எங்கியாவது டீ குடிக்கப் போயிருப்பே.”

“நான் எங்கியும் போவலியே சிஸ்டர். இங்கியேதான் நின்னுனு இருந்தேன்.”

“உனக்குப் படிக்கத் தெரியுமா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “தெரியாது சிஸ்டர்.”

“அப்ப கம்முனு இரு.”

அவள் என்னைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். “அப்ப நான்தான் சரியா பாக்கல போல” என்று முணுமுணுத்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. என் கையெழுத்தில் எழுதியிருக்கிறது, ஆகவே திருப்பியிருப்போம் என்றுதான் ஒரு பக்கம் மனசு சொன்னது. இன்னொரு பக்கம் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திரும்பியபோது முனிரத்தினத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மூக்குத் தண்டு வழியாகத் தலையணையில் இறங்கிக்கொண்டிருந்தது. இமை இரண்டு முறை மூடித் திறந்தது. மறுபடி இரண்டு முறை. மறுபடியும். கண் வறண்டுவிட்டது என்று நினைத்து, பஞ்சால் துடைத்து, மருந்து ஒரு சொட்டு விட்டேன். சார்ட்டைக் கால்மாட்டில் மாட்டினேன். இரண்டு மணி ஷிப்டு சிஸ்டர் வந்தாள். “ஒண்ணாம் பெட் இப்பதான் வலது பக்கமா?” என்று தாளைப் பார்த்துக் கேட்டாள். “ஆமா” என்றேன்.

நாட்றம்பள்ளி பஸ்

மறுநாளிலிருந்து எனக்கு இரண்டு நாள் லீவு. சொந்த ஊர் நாட்றம்பள்ளி. முகத்தைக் கழுவிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, பஸ் பிடித்தேன். ஜன்னலோர சீட்டு கிடைத்தது. பள்ளிகொண்டா தாண்டி, விபத்து நடந்த இடத்தில் ரோட்டில் கண்ணாடித் தூள் மின்னியது. அப்போதுதான் காலையிலிருந்து நடந்ததை மனசு ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டது.

பத்து மணிக்கு நான் செத்துக்கொண்டிருந்தவரின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தேன். பன்னிரண்டுக்குத் தேவராஜ் அண்ணன் ரத்தம் வாங்கப் போயிருந்தார். அவர் இல்லாமல் முனிரத்தினத்தைத் திருப்பவே முடியாது. அந்த “ஒகட்டி, ரெண்டு, மூடு” எட்டு மணிக்கு அப்புறம் என் காதில் விழவே இல்லை.

பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கியிருக்கலாம். எதிரே வேலூர் பஸ் வந்துகொண்டுதான் இருந்தது. ஆம்பூரில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. கீழே எதிர்க்கடையில் போன் இருந்தது. ஒரு வார்த்தை போதும். எப்படியும் நாலு மணிக்குத் திருப்பிவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கொய்யாப்பழம் வாங்கித் தின்றேன். அந்தக் கொய்யாப்பழத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உள்ளங்கை அளவு

லீவு முடிந்து வந்தபோது முனிரத்தினத்தின் வலது இடுப்பு எலும்புமேல் உள்ளங்கை அளவுக்குத் தோல் கறுத்துப்போயிருந்தது. நாலேகாலுக்குத்தான் திருப்பியிருக்கிறார்கள். எட்டு மணி நேரத்துக்கும் மேல். ஒரு வாரத்தில் அந்தக் கறுப்பு உரிந்து குழியாயிற்று.

அதைவிட மோசம் என்னவென்றால், எல்லோரும் சார்ட்டை நம்பினார்கள். “இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பியும் புண்ணு வருதுன்னா, இவர் உடம்புல சத்தே இல்ல” என்றார் இன்சார்ஜ் சிஸ்டர். கோவிந்தம்மாவைக் கூப்பிட்டு, “வீட்ல இவருக்கு ஒழுங்கா சோறு போட்டியா, இல்லியா?” என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

“போட்டேனே சிஸ்டர்” என்றாள் அவள். “ஷாப்புக்கு ரெண்டு பேரும் போறதால காலையில மட்டும் பழையது சாப்பிடுவாரு.” அன்றிலிருந்து தினமும் பஜாருக்குப் போய் முட்டை வாங்கிவந்தாள், மூக்குக் குழாய் வழியாகப் பாலில் கலந்து ஊற்ற. பழைய சோறு போட்டதால்தான் புண் வந்தது என்று தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டாள்.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. இன்சார்ஜ் சிஸ்டர் அடுத்த வருஷம் ஓய்வு பெறப் போகிறார், அந்த இடம் எனக்குத்தான் என்று பேச்சு இருந்தது. சார்ட்டில் பொய் எழுதியவள் என்று தெரிந்தால் அந்த இடம் கிடைக்காது. காரணம் இவ்வளவுதான். இதைவிட மேலான காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

ஆள் பற்றாக்குறையால் பிறகு கோவிந்தம்மாவையே உள்ளே விட்டுப் பழக்கினோம். எங்களில் யாரையும்விட அவள் கை சுத்தம். ஈரத் தோலைத் தூக்கிப் பழகிய கை, உடம்பு எங்கே கனம் என்று தொட்டவுடனே அதற்குத் தெரிந்தது. தேவராஜ் அண்ணனே அசந்துபோனார். “சிஸ்டர், இந்தம்மா இருந்தா நாம மூணு பேரும் பேஜாரில்லாம டீக்குப் போவலாம்.”

ஆனால் அவள் முந்தானையில் எப்போதும் ஒரு முடிச்சு இருந்தது. உள்ளே புளியங்கொட்டை. ஒவ்வொரு முறை திருப்பியதும் ஒரு கொட்டையை எடுத்து ஜன்னல் கட்டையில் வைப்பாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஒரு விரல்

மூன்று மாதத்துக்கு அப்புறம் மூச்சு திரும்பியது. மெஷினிலிருந்து எடுத்தோம். தொண்டைக் குழாயின் வாயை விரலால் மூடினால் பேச்சு வரும். கை தூக்க முடியாததால் மற்றவர்கள்தான் மூட வேண்டும். முதல் நாள் கோவிந்தம்மா மூடினாள். மகள் பெயரைச் சொன்னார். இரண்டு பேரும் அழுதார்கள். எனக்கும் கண் கலங்கியது, சந்தோஷத்தில் பாதி, பயத்தில் பாதி.

மறுநாள் மத்தியானம், அவள் முட்டை வாங்கப் போயிருந்த சமயம், புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாலேயே தொண்டைப் பக்கம் காட்டினார். விரலை வைத்தேன்.

“அன்னிக்கி திருப்பல” என்றார். கரகரவென்று, காற்றும் பேச்சுமாக.

“இல்ல” என்றேன். “திருப்பல. தப்புப் பண்ணிட்டேன் முனிரத்தினம். என்னை மன்னிச்சிடுங்க.”

“எனக்கு விடுங்க. ஆக்சிடண்ட் கேசு, நீங்க பட்ட பாட்ட பாத்துனுதான் இருந்தேன்.” மூச்சு வாங்கினார். “அவகிட்ட சொல்லிடுங்க சிஸ்டர். அவ பாத்தது சரிதான்னு. தன் கண்ணு மேலயே அவளுக்கு நம்பிக்க போய்டுச்சி.”

“நீங்களே சொல்லலாமே.”

“நான் சொன்னா, ஆறுதலுக்குச் சொல்றான்னு நெனப்பா. எழுதினவங்க சொல்லணும்.”

“சொல்றேன்” என்றேன். “கண்டிப்பா சொல்றேன்.”

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் குழாயை எடுத்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்புறம், வீட்டுக்குப் போகிற அன்றைக்குச் சொல்வதுதான் நல்லது என்று முடிவுகட்டினேன். அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை. நான் கட்டு மாற்ற வரும்போதெல்லாம் என் முகத்தை ஒரு தடவை பார்ப்பார். அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போன அன்று

சக்கர நாற்காலியில் அவரை வாசல்வரைக்கும் தள்ளிக்கொண்டு போனோம். இடுப்புப் புண் இன்னும் முழுசாக ஆறவில்லை. உட்காரும்போது ஒரு பக்கம் சாய்ந்துதான் உட்கார முடிந்தது. டாக்சி வந்துவிட்டது. தேவராஜ் அண்ணன் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார்.

கோவிந்தம்மா என்னைத் தனியாக ஓரமாக அழைத்தாள். சொல்ல வேண்டியதை நான் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். அவள் முந்திக்கொண்டாள். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“சிஸ்டர், ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா இருந்தது. அன்னிக்கி நான் உங்கள தப்பா பேசிட்டேன். அவரத் திருப்பலன்னு. படிக்காத பொம்பள, கண்ணு பிசகிடுச்சி. அதான் அப்பால கொட்டை வெச்சி எண்ண ஆரம்பிச்சேன், மறுபடி அந்த மாரி உங்க மேல பழி போட்டுடக் கூடாதுன்னு. மனசுல வெச்சிக்காதீங்க. மன்னிச்சிடுங்க.”

நாற்காலியில் முனிரத்தினம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்சார்ஜ் சிஸ்டர் புன்சிரிப்போடு நின்றிருந்தார்.

“பரவால்லம்மா” என்றேன் நான்.

முனிரத்தினத்துக்கு அப்போது நன்றாகவே பேச்சு வரும். ஆனால் பேசவில்லை. என்னைப் பார்த்து இமையை இரண்டு முறை மூடித் திறந்தார். டாக்சி கிளம்பிப் போய்விட்டது.

அடுத்த வருஷம் அந்த இடம் எனக்குக் கிடைத்தது. முதல் வேலையாக, முன்கூட்டியே எழுதுகிற வழக்கத்தை நிறுத்தினேன். திருப்பாமல் பேனாவைத் தொட்ட பெண்களை வாட்டி எடுத்தேன். ஏன் இவ்வளவு கடுமை என்று அவர்களுக்குப் புரிந்ததில்லை. நான் சொன்னதும் இல்லை.

ஓய்வு பெறுகிறவரை மாதம் ஒரு தடவையாவது நாட்றம்பள்ளி பஸ்ஸில் போனேன். ஆம்பூரில் ஒவ்வொரு முறையும் பஸ் பத்து நிமிஷம் நிற்கும். இறங்கி நாலு பேரிடம் விசாரித்தால் வீடு கிடைத்திருக்கும். சீட்டு போய்விடும் என்று உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு நாள் இறங்கினேன். அந்த ஷாப்பு மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது என்றார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

எழுத்தைக் காட்டித்தான் அவள் வாயை அடைத்தேன். இப்போதும் எழுதத்தான் செய்கிறேன், அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்தே. இதைப் படிக்கிற யாருக்காவது அவளைத் தெரிந்தால், தயவுசெய்து சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

கோவிந்தம்மா, உன் கண்ணில் ஒரு பிசகும் இல்லை. நீ பார்த்ததுதான் சரி. எட்டு மணியிலிருந்து நாலேகால் வரைக்கும் அவரை நாங்கள் திருப்பவே இல்லை.